லண்டன்ல எம்எஸ்சி படிச்சா பல் டாக்டரா வேலை பார்க்க முடியுமா?

இந்த தடவை வந்த கடிதம் நாலு பக்கம், முழுசா போட முடியாது, அதனால பேரு ஊரு எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்லிடறேன். எழுதினவங்களுக்கு 31 வயசு, தென் மாவட்டத்துல ஒரு தனியார் காலேஜ்ல பிடிஎஸ் படிச்சு 2017ல இன்டர்ன்ஷிப் முடிச்சவங்க, அப்புறம் மூணு வருஷம் ஒரு சீனியர் டாக்டர் கிளினிக்ல வேலை. கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்துச்சு, வீட்டுக்காரருக்கு லண்டன் பக்கத்துல ஐடி வேலை கிடைச்சு டிபெண்டன்ட் விசால இங்க வந்து ரெண்டு வருஷம் ஆகுது. "ஹேண்ட்பீஸ் தொட்டே அஞ்சு வருஷம் ஆச்சு மேடம், கை மறந்துடுச்சோன்னு பயமா இருக்கு"ன்னு (ஹேண்ட்பீஸ்னா பல்லை ட்ரில் பண்ற கருவி) ஒரு வரி எழுதியிருந்தாங்க, அதைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன்.

அவங்க கேட்டது இதுதான். ஒரு ஏஜென்ட் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல் பொருத்தறது) சம்பந்தமா ஒரு எம்எஸ்சி சொல்றார், ஃபீஸ் 24,000 பவுண்ட், அம்மா நகையை அடகு வெச்சு சேரலாமா? தோழி ஒருத்தி பார்லர் வெச்சிருக்காங்க, வாரம் ரெண்டு நாள் வந்து டீத் ஒயிட்டனிங் மட்டும் பண்ணிக்குடுன்னு கூப்பிடறாங்க, போகலாமா? டென்டல் நர்ஸ் வேலைக்கு போனா கேவலமா, ஊர்ல மாமியார் என்ன சொல்வாங்க? படிச்சது எல்லாம் இங்கிலீஷ் மீடியம்தானே, எதுக்கு மறுபடி ஐஇஎல்டிஎஸ்? ஓஆர்இ (வெளிநாட்டுல படிச்ச பல் டாக்டர்கள் இங்க எழுதற தகுதிப் பரீட்சை) சீட்டுக்கு ரெண்டு தடவை ட்ரை பண்ணி ரெண்டு தடவையும் கிடைக்கல, இனிமே இது நடக்குமா நடக்காதா?

டாக்டர், (உங்களை நான் டாக்டர்னுதான் கூப்பிடுவேன், இந்த நாட்டு ரெஜிஸ்டர்ல பேர் இல்லங்கறதுக்காக அஞ்சு வருஷம் படிச்சது எங்கயும் போயிடாது) முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நானும் இதே வழியா வந்தவதான். பிடிஎஸ் நம்ம ஊர்ல, ஓஆர்இ இங்க, பார்ட் 2ல ஒரு தடவை ஃபெயிலும் ஆகியிருக்கேன். அதனால வக்கீல் மாதிரி பேசாம அடிபட்டவளா பேசறேன்.

எம்எஸ்சி வேற, ரெஜிஸ்ட்ரேஷன் வேற

நீங்க நினைச்சிருக்கற பெரிய தப்பு இதுதான், அதுவும் உங்க தப்பு இல்ல, அந்த ஏஜென்ட் அப்படி நினைக்க வெச்சிருக்கார். இந்த நாட்டுல பல் வைத்தியம் பார்க்கணும்னா ஜிடிசி, அதாவது ஜெனரல் டென்டல் கவுன்சில் ரெஜிஸ்டர்ல உங்க பேர் இருக்கணும். இந்தியால வாங்கின பிடிஎஸ்ஸுக்கு அந்த கதவை திறக்கற சாவி ரெண்டுதான். ஒண்ணு ஜிடிசியே நடத்தற ஓஆர்இ, 2007ல பழைய ஐக்யூஇ பரீட்சைக்கு பதிலா வந்தது. இன்னொண்ணு லண்டன்ல இருக்கற ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தற எல்டிஎஸ், அது 1860லேர்ந்து இருக்கற பழைய பரீட்சை. எந்த யுனிவர்சிட்டி எம்எஸ்சியும் இந்த லிஸ்ட்ல கிடையாது. எம்எஃப்டிஎஸ்ங்கற டிப்ளமா பரீட்சையும் கிடையாது. நம்ம ஊர் பல் மேற்படிப்பு எம்டிஎஸ் கூட கிடையாது, ஊர்ல 15 வருஷம் ஆர்த்தோ (பல்வரிசை சரி பண்றது) பண்ணின ஒருத்தர் என்கூட பார்ட் 1 ஹால்ல உக்காந்து எழுதினார்.

எம்எஸ்சி கெட்டதுன்னு நான் சொல்லல. பப்ளிக் ஹெல்த், ரிசர்ச், டீச்சிங்னு போகறவங்களுக்கு அது உதவும். ஆனா நீங்க பேஷன்ட் பார்க்கத்தான் ஆசைப்படறீங்க. இம்ப்ளான்ட் எம்எஸ்சின்னு பேர் இருந்தாலும் பல கோர்ஸ்ல நீங்க மாடல்லயும் லெக்சர்லயும்தான் படிச்சுட்டு வருவீங்க. ஒரு வருஷம் கழிச்சு அதே ஓஆர்இ க்யூல வந்து நிப்பீங்க, என்ன, கையில ஒரு டிகிரி கூட இருக்கும், அம்மா நகை சேட்டு கடையில இருக்கும். 24,000 பவுண்ட்னா நம்ம காசுல 25 லட்சத்துக்கு மேல. ஓஆர்இ பார்ட் 2 ஃபீஸே 4,000 பவுண்டுக்கு மேல வருது, அந்த பணத்தை அதுக்கு எடுத்து வையுங்க.

இங்க டென்டிஸ்ட் பஞ்சம், எப்படியும் எடுத்துப்பாங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றதா எழுதியிருந்தீங்க. பஞ்சம் உண்மைதான். 2024 பிப்ரவரில பிரிஸ்டல்ல ஒரு என்எச்எஸ் (அரசாங்க மருத்துவ சேவை) கிளினிக் திரும்ப திறந்தப்ப தெரு முழுக்க க்யூ நின்னு போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியதா போச்சு. அதே மாசம் அரசாங்கம் ப்ரொவிஷனல் ரெஜிஸ்ட்ரேஷன்னு ஒரு யோசனையை வெச்சு மக்கள்கிட்ட கருத்தும் கேட்டுச்சு, அதாவது பரீட்சை முடிக்கறதுக்கு முன்னாடியே ஒரு டென்டிஸ்ட் மேற்பார்வைல வேலை பார்க்கலாம்ங்கற மாதிரி. அது வந்தா சந்தோஷம், ஆனா அதை நம்பி புக்கை மூடி வெச்சிடாதீங்க. டெம்பரரி ரெஜிஸ்ட்ரேஷன்னும் ஒண்ணு இருக்கு, அது ஆஸ்பத்திரில மேற்பார்வையோட இருக்கற குறிப்பிட்ட போஸ்ட்டுக்கு மட்டும்தான், அஞ்சு வருஷம் கேப் இருக்கற உங்களுக்கு அந்த போஸ்ட் கிடைக்கறது கஷ்டம், வெளிப்படையா சொல்லிடறேன். வந்த புதுசுல உங்க ஃப்ரெண்ட் ஒருத்தங்க டென்டல் தெரபிஸ்ட்டா (டென்டிஸ்ட்டுக்கு கீழ, சில ட்ரீட்மென்ட் மட்டும் பண்றவங்க) ரெஜிஸ்டர் பண்ணி வேலை பார்க்கறாங்கன்னு சொன்னீங்க இல்லையா, அந்த வழி 2023 மார்ச்ல மூடியாச்சு. அதுக்கு முன்னாடி உள்ள போனவங்க இருக்காங்க, இப்ப நம்மால போக முடியாது.

பார்லர்ல ஒயிட்டனிங்: கண்டிப்பா வேண்டாம்

"சும்மா ஜெல் தடவி லைட் காட்டறதுதானே மேடம்"னு எழுதியிருந்தீங்க. டாக்டர், அந்த ஜெல்தான் உங்க கேரியரையே காலி பண்ணும். டென்டிஸ்ட்ஸ் ஆக்ட் இங்க 1984ல வந்தது, அதுபடி ரெஜிஸ்டர் ஆகாதவங்க பல் வைத்தியம் பண்றது கிரிமினல் குற்றம். ஒயிட்டனிங் பல் வைத்தியமா பியூட்டி ட்ரீட்மென்ட்டாங்கற வாக்குவாதம் ஹைகோர்ட் வரைக்கும் போய் 2013லயே தீர்ப்பு வந்துடுச்சு, பல் வைத்தியம்தான்னு. ஜிடிசி இந்த மாதிரி பார்லர்கள் மேல கேஸ் போட்டுட்டேதான் இருக்கு. தோழி மேல கேஸ் வந்தா அபராதம் கட்டிட்டு மறுபடி த்ரெடிங் பண்ண போயிடுவாங்க. உங்க மேல வந்தா, நாளைக்கு ஓஆர்இ பாஸ் பண்ணிட்டு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல கேரக்டர் சம்பந்தமான கேள்விக்கு என்ன எழுதுவீங்க? அந்த ரெண்டு நாள் சம்பளத்துக்கு இவ்ளோ பெரிய விலை தேவையா.

இன்னொண்ணு, இது நீங்க கேக்காதது. கடிதத்துல உங்க இன்ஸ்டா லிங்க் கொடுத்திருந்தீங்க, போய் பார்த்தேன், பேருக்கு கீழ "டென்டல் சர்ஜன், லண்டன்"னு போட்டிருக்கீங்க. டென்டிஸ்ட், டென்டல் சர்ஜன்ங்கற பட்டத்தை ரெஜிஸ்டர் ஆகாதவங்க இங்க போட்டுக்கறதே அதே சட்டப்படி தப்பு. இன்னைக்கே எடுத்துடுங்க. "பிடிஎஸ், இந்தியா"ன்னு படிப்பை மட்டும் போட்டுக்கோங்க. சொந்தக்காரங்க "ஸ்கேலிங் மட்டும் வீட்லயே பண்ணிவிடேன்"னு கேட்டாலும் அதே பதில்தான், சிரிச்சுக்கிட்டே மாட்டேன்னு சொல்லுங்க.

முதல்ல பேப்பர் வேலை

பரீட்சையை விட இங்கதான் நம்ம ஆளுங்க மாசக்கணக்குல மாட்டிக்கறாங்க. உங்க டிகிரி சர்டிஃபிகேட்ல இனிஷியலோட பேர் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா விரிஞ்சிருக்கும், கல்யாணத்துக்கு அப்புறம் ரினியூ பண்ணினதுல வீட்டுக்காரர் பேரு வந்திருக்கும். நமக்கு மூணும் ஒரே ஆள்னு தெரியும், இங்க ஃபைலை பார்க்கறவங்களுக்கு மூணும் மூணு பொண்ணு. நான் இதுக்காகவே ஊருக்கு போய் நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கிட்டு வந்தேன், டிக்கெட் காசு தெண்டம். நீங்க மேரேஜ் சர்டிஃபிகேட், அஃபிடவிட் ரெண்டையும் முன்னாடியே ரெடி பண்ணி வெச்சுக்கோங்க.

அப்புறம் தமிழ்நாடு டென்டல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன். ரினியூ பண்ணாம விட்டுட்டேன்னு ஒரே வரில போற போக்குல சொல்லிட்டு போயிருக்கீங்க, அது சின்ன விஷயம் இல்ல. அங்க உங்க பேர் உயிரோட இருந்தாதான் குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட் (உங்க மேல புகார் எதுவும் இல்லன்னு கவுன்சில் தர்ற சான்று) கிடைக்கும், அது இல்லாம இங்க ஃபைல் நகராது. அடுத்த தடவை ஊருக்கு போகும்போது கோயிலுக்கு போறதுக்கு முன்னாடி அங்க போங்க. ஆனா குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்டை ரொம்ப முன்னாடியே வாங்கிடாதீங்க, பழைய தேதி போட்டதை ஏத்துக்க மாட்டாங்க, அப்ளை பண்ற சமயத்துல வாங்கணும்.

1,600 மணி நேரம் கிளினிக்கல் அனுபவம் காட்டணும். நீங்களே சேர்ல உக்கார வெச்சு பேஷன்ட்டுக்கு பார்த்த நேரம் மட்டும்தான் கணக்கு, பக்கத்துல நின்னு பார்த்தது சேராது. பயப்படாதீங்க, கணக்கு போட்டு பார்த்தா இன்டர்ன்ஷிப்ல ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் வெச்சு 250 நாள்னாலே 1,250 வந்துடுது, மீதி மூணு வருஷ கிளினிக் வேலைல தாராளமா வரும். ஆனா அந்த சீனியர் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கும்போது, "இவர் நல்ல ஒழுக்கமுள்ளவர், கடின உழைப்பாளி"ன்னு அவர் எழுதற வழக்கமான லெட்டர் வேலைக்கு ஆகாது. எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன ப்ரொசீஜர், இதெல்லாம் இருக்கணும், "சார் டைம் போட்டு குடுங்க சார்"னு கேட்டு வாங்குங்க. அதுக்காக கூட்டி எழுத சொல்லாதீங்க, அவங்க போன் பண்ணி கேப்பாங்கன்னு நினைச்சே எழுத சொல்லுங்க.

ஐஇஎல்டிஎஸ் பத்தி: இங்கிலீஷ் மீடியம்ல படிச்சேங்கறது, அதுவும் டிகிரி முடிச்சு இவ்ளோ வருஷம் ஆனதுக்கு அப்புறம், செல்லாது. அகாடமிக் எழுதுங்க, மொத்தத்துல 7 வேணும், எந்த செக்ஷன்லயும் 6.5க்கு கீழ வரக்கூடாது. நமக்கு ஸ்பீக்கிங்லதான் பயம் ஆனா அடி விழறது ரைட்டிங்ல. எனக்கு மத்ததெல்லாம் 7.5 வந்து ரைட்டிங்ல மட்டும் 6 வந்துச்சு, ஒரு தடவை இல்ல ரெண்டு தடவை. ஸ்கோர் ரெண்டு வருஷம்தான் செல்லும், அதனால மத்த பேப்பர் எல்லாம் கைல வந்ததுக்கு அப்புறம் எழுதினா நல்லது, நீங்க முதல்லயே எழுதி ஒரு தடவை காலாவதி ஆக்கிட்டீங்க, போகட்டும்.

பரீட்சையும் அந்த சீட்டும்

சீட் கிடைக்கலன்னு அழுதேன்னு எழுதியிருந்தீங்க. அது உங்க தப்பே இல்ல. 2020ல கொரோனால நின்ன பரீட்சை 2022லதான் மறுபடி ஆரம்பிச்சுது, அந்த ரெண்டு வருஷ கூட்டமும் சேர்ந்துடுச்சு, புக்கிங் திறந்தா தட்கல் டிக்கெட் மாதிரிதான், பக்கம் சுத்திட்டே இருக்கும், திறக்கறதுக்குள்ள காலி. புக்கிங் அறிவிப்பு மெயில் ஸ்பாமுக்கு போகாம பார்த்துக்கோங்க, கார்டு லிமிட் முன்னாடியே ஏத்தி வையுங்க, அந்த நேரத்துக்கு குழந்தையை யார்கிட்டயாவது விட்டுட்டு உக்காருங்க. ஓஆர்இயை மட்டும் நம்பாம எல்டிஎஸ் தேதியையும் கவனிச்சுட்டு இருங்க, ரெண்டுக்கும் படிக்கறது ஏறக்குறைய ஒண்ணுதான். சீட் வாங்கித்தரேன்னு காசு கேக்கற ஆள் வந்தா நம்பரை பிளாக் பண்ணிடுங்க.

பார்ட் 1 ரெண்டு பேப்பர், கம்ப்யூட்டர்ல. மெடிசின் சம்பந்தமானது நிறைய வரும், நம்ம ரெண்டாம் வருஷ மூணாம் வருஷ பாடம், தூசி தட்டணும். பார்ட் 2தான் ஆளை அடிக்கறது, நாலு பகுதி: மேனிகின் (பொம்மைத் தலைல ப்ளாஸ்டிக் பல்லுல வேலை), ஆஸ்கி (நடிக்கற பேஷன்ட்கிட்ட பேசி கை வேலையும் காட்டற பரீட்சை), டயக்னோசிஸ் ட்ரீட்மென்ட் பிளானிங், மெடிக்கல் எமர்ஜென்சி. ஒவ்வொரு பார்ட்டுக்கும் நாலு தடவைதான் வாய்ப்பு, முதல் தடவை பார்ட் 1 எழுதினதுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள எல்லாம் முடிக்கணும்ங்கறது நாங்க பரீட்சை எழுதினப்ப இருந்த விதி, இப்ப விதிகளை மாத்திட்டு வராங்க, அதனால அப்ளை பண்ற அன்னைக்கு ஜிடிசி தளத்துல என்ன போட்டிருக்கோ அதையே எடுத்துக்கோங்க, வாட்ஸ்அப் குரூப்ல வர்ற பிடிஎஃப்பை இல்ல. எப்படி இருந்தாலும் சும்மா ஒரு தடவை எழுதி பார்ப்போம்ங்கற பழக்கம் இங்க வேண்டாம்.

நான் ஃபெயில் ஆனது மேனிகின்ல. பாண்டம் ஹெட்ல (அந்த பொம்மைத் தலைதான்) ப்ளாஸ்டிக் பல்லு, கிரவுன் ப்ரெப் (கேப் போட பல்லை செதுக்கறது), நல்லாத்தான் வந்துச்சு, கடைசி பத்து நிமிஷத்துல முன்பக்கத்து பல்லோட ஒட்டற இடத்தை பிரிக்கும்போது பர் (ட்ரில் முனை) சறுக்கி பக்கத்து பல்லுல ஒரு கோடு. முடி அளவு கோடு. ஊர்ல நம்ம அதை பாலிஷ் பண்ணிட்டு போயிருப்போம், இங்க அது டேமேஜ். ரெண்டாவது தடவை போறதுக்கு முன்னாடி ஊர்ல தெரிஞ்ச காலேஜ் ஒண்ணுல ஹெச்ஓடிகிட்ட கெஞ்சி ஒரு மாசம் சாயந்திரம் ப்ரீ க்ளினிக்கல் லேப்ல உக்காந்து நூறு பல்லுக்கு மேல கட் பண்ணினேன். உங்க கை மறக்கல டாக்டர். முதல் பத்து பல்லு அசிங்கமா வரும், பதினஞ்சாவதுல கை தானா பழைய இடத்துக்கு வந்துடும், எனக்கு அப்படித்தான் வந்துச்சு. இங்க லண்டன்ல மணிக்கணக்குல காசு வாங்கற கோர்ஸை விட ஊர்ல ஒரு மாசம் தங்கி பண்ணினா செலவு பாதி கூட ஆகாது.

ஆஸ்கில நம்ம தோக்கறது வேற காரணத்துக்கு. பல்வலின்னு ஒரு ஆக்டர் உக்காந்திருப்பார், ராத்திரி தூக்கமே இல்லன்னு சொல்வார், இர்ரிவர்சிபிள் பல்பைட்டிஸ் (பல் நரம்பு திரும்ப சரியாகாத அளவுக்கு வீங்கறது). நம்ம கை தன்னால அமாக்ஸிசிலின் மெட்ரோனிடசோல் அஞ்சு நாள்னு எழுத போகும். இங்க அது தப்பு, வீக்கம் இல்ல, ஜுரம் இல்ல, ஆன்டிபயாட்டிக் எதுக்கு? வலிக்கு மாத்திரை, பல்லுக்கு ட்ரீட்மென்ட், அவ்ளோதான். நான் மாக் டெஸ்ட்ல இதையே எழுதி, எதிர்ல இருந்தவர் "ஒய்?"னு ஒரே வார்த்தை கேட்டார், பதில் வரல. அதே மாதிரி நம்ம 16ன்னு சொல்ற பல்லை இங்க "அப்பர் ரைட் சிக்ஸ்"னு சொல்வாங்க, ஈறு எப்படி இருக்குன்னு அளக்க பிபிஇ ஸ்கோர் 0லேர்ந்து 4 வரைக்கும், அளக்கற மெல்லிசு கம்பில (ப்ரோப்) கறுப்பு பட்டை பாதி மறைஞ்சா 3. கன்சென்ட் (பேஷன்ட்டோட சம்மதம்) வேற, 2015ல மான்ட்கோமரி கேஸ்னு ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, அதுக்கப்புறம் "இந்த பேஷன்ட்டுக்கு எது முக்கியம்"னு கேட்டு அந்த ரிஸ்க்கை சொல்லாம விட்டா அது கன்சென்ட்டே இல்ல. நம்ம ஊர்ல "டாக்டர், நீங்க பார்த்து பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வாயை திறப்பாங்க. இங்க அப்படி சொல்ற பேஷன்ட்கிட்டயும் ஆப்ஷன் எல்லாம் சொல்லித்தான் ஆகணும்.

நர்ஸ் வேலை

மேல சொன்னது எல்லாம் எங்க கத்துக்கறது? அதுக்குத்தான் நான் உங்களை ட்ரெய்னி டென்டல் நர்ஸா போகச் சொல்றேன். டிபெண்டன்ட் விசால வேலை பார்க்க தடை இல்ல. நர்ஸும் இங்க ஜிடிசி ரெஜிஸ்டர்ல வர்ற வேலைதான், அதுக்கான கோர்ஸ்ல பேர் கொடுத்துட்டு ட்ரெய்னியா ஆரம்பிக்கலாம். சம்பளம் சொல்லிக்கற மாதிரி இருக்காது. பேஷன்ட் வாய்ல நீங்க எந்த ட்ரீட்மென்ட்டும் பண்ணக்கூடாது, டாக்டர் அவசரத்துல "நீங்கதான் பிடிஎஸ் ஆச்சே, இந்த டெம்பரரி ஃபில்லிங்கை வெச்சுடுங்க"ன்னு சொன்னாலும் மாட்டேன்னு சொல்லணும். ஆனா ஒரு நாளைக்கு இருபது பேஷன்ட்கிட்ட இங்க ஒரு டென்டிஸ்ட் எப்படி பேசறார், கெட்ட சேதியை எப்படி சொல்றார், நோட்ஸ் எப்படி எழுதறார்னு சம்பளம் வாங்கிட்டு பார்க்கலாம். நான் பதினோரு மாசம் பார்த்தேன். முதல் வாரம் சக்ஷன் பிடிச்சுட்டு நிக்கும்போது எதிர்ல அவர் பண்ற ரூட் கெனாலை விட நான் நல்லா பண்ணுவேனேன்னு தொண்டை அடைச்சுது, உண்மையை சொல்றேன். ஆனா ஆஸ்கில என் வாயிலேர்ந்து வந்த பாதி வாக்கியம் அந்த ரூம்ல கேட்டதுதான்.

மாமியார்கிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. "டென்டல் கிளினிக்ல வேலை"ன்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல, மேல கேக்கவும் மாட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் எதையும் மறைக்காதீங்க, ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு சொல்லிடுங்க. பாஸ் பண்ணினதும் அடுத்த நாளே என்எச்எஸ்ல உக்கார முடியாது, அதுக்கு பெர்ஃபார்மர் நம்பர் தனியா வாங்கணும், அது ஒரு சில மாசம். ப்ரைவேட்ல மட்டும் பார்க்கறதுக்கு அது தேவை இல்ல, ரெஜிஸ்ட்ரேஷனும் இண்டெம்னிட்டியும் (பேஷன்ட் கேஸ் போட்டா காப்பாத்தற இன்ஷூரன்ஸ் மாதிரி) இருந்தா போதும். முதல் வேலை பெரும்பாலும் லண்டன்ல கிடைக்காது, கடலோர ஊர் பக்கம் எங்கயாவது போக வேண்டி வரும், குழந்தை ஸ்கூல் சேர்க்கற சமயமும் அதுவும் மோதும். இதை இப்பவே உக்காந்து பேசிடுங்க, அப்புறமா பேசினா சண்டைல முடியும்.

கடைசியா அந்த டெபாசிட். இந்த மாசம் 20ம் தேதிக்குள்ள 2,000 பவுண்ட் கட்டலன்னா சீட் போயிடும்னு ஏஜென்ட் சொல்றதா எழுதியிருந்தீங்க. கட்டாதீங்க. அவருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்க: "இந்த கோர்ஸ் முடிச்சா, ஓஆர்இயோ எல்டிஎஸ்ஸோ எழுதாம ஜிடிசி ரெஜிஸ்டர்ல என் பேர் வருமா?" போன்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க, பதிலும் மெயில்லதான் வேணும்னு சொல்லுங்க. அவர் என்ன எழுதறார்னு எனக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க.